அமர்வின் நடுவே தூக்கம் வந்தால்

மனநல ஆலோசகர்களுக்கும் அமர்வின் நடுவே தூக்கம் வரும். வெளியில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நம்பினால் கோபப்படுகிறார்கள். இரவு நன்றாகத் தூங்கி எழுந்திருப்பேன். காலையில் முதல் ஆளாக ஒருவர் வந்து உட்காருவார். கொஞ்ச நேரத்தில் கண் சொக்கும். அவர் எழுந்து போய் அடுத்தவர் வந்ததும் தெளிந்துவிடும். களைப்பு என்றால் ஆள் பார்த்தா வரும்?

அப்படி ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வேலைப் பளு, தலைவலி, தூக்கமின்மை என்று எல்லாவற்றையும் அலுவலக அறிக்கை வாசிப்பதைப் போலச் சொல்வார். அப்பா இறந்ததையும் அதே குரலில்தான் சொன்னார்: யார் யாருக்குத் தகவல் சொன்னது, சான்றிதழ் எப்போது கிடைத்தது, வங்கிக் கணக்கை யார் பார்த்துக்கொண்டது. அப்பா பேச்சு வரும்போதெல்லாம் என் தூக்கம் கூடுவதைக் கவனித்தேன். "எனக்குத் தூக்கம் வருகிறது" என்று அவரிடம் சொல்லவா முடியும்? "அப்பாவைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு பேருமே அதைவிட்டு எங்கேயோ தள்ளிப் போய்விடுகிற மாதிரி இருக்கிறது. உங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அன்னைக்கு நான் உடைஞ்சா வீடே உடைஞ்சிடும் மேடம்" என்றார். குரல் மாறியிருந்தது. எனக்கும் தூக்கம் போய்விட்டது.

ஆலோசகருக்குள் எழும் இந்த மாதிரி உணர்வுகளுக்குத் துறையில் கவுண்டர்-டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். 1910-இல், உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையைத் தொடங்கிய ஃப்ராய்ட் இதைப் பற்றி எழுதியபோது, மருத்துவர் தனக்குள் அடையாளம் கண்டு கடந்துவர வேண்டிய ஒன்றாகவே பார்த்தார். 1949-இல் ஆங்கிலேய உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வின்னிகாட், சில நோயாளிகள்மேல் சிகிச்சையாளருக்கு வெறுப்பே வரும், அதை மறைக்காமல் தனக்குத்தானே ஒப்புக்கொள்வது நல்லது என்று எழுதினார். மறு வருடம் இன்னொரு உளப்பகுப்பாய்வாளரான பவுலா ஹைமன் இன்னும் ஒரு படி மேலே போய், சிகிச்சையாளரின் உணர்வுதான் அவர் கையிலிருக்கும் மிக முக்கியமான கருவிகளில் ஒன்று என்றார். என் வேலைக்கு ஹைமன்தான் நெருக்கம். ஆனால் பின்னாளில் அவரே சலித்துக்கொண்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பயிற்சியில் இருந்த சிலர் தங்களுக்கு என்ன தோன்றியதோ அதையே நோயாளியின் நிலைமை என்று முடிவுகட்டினார்களாம், சரிபார்க்காமலே.

சரிபார்ப்பதுதான் கஷ்டம். எனக்கு எரிச்சல் வந்தால் அது எதிரில் இருப்பவருடைய எரிச்சலாகவும் இருக்கலாம், அவர் மற்றவர்களிடம் வரவழைக்கும் எரிச்சலாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னவர் அர்ஜென்டினாவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஹைன்ரிஹ் ராக்கர். தாமதமாகவே வந்து, வந்ததும் மன்னிப்புக் கேட்டுக் குறுகி உட்காரும் ஒருவரைப் பார்த்தால் எனக்குள் ஒரு கண்டிப்பான வாத்தியார் எழுந்து நிற்பார். அவர் வாழ்க்கையில் அந்த வாத்தியார் இடத்தில் யார் இருந்தார் என்று யோசிக்க அது ஒரு தடயம். மூன்றாவது சாத்தியமும் உண்டு, அதை மறக்கத்தான் ஆசையாக இருக்கும்: தாமதமாக வருபவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது, அவ்வளவுதான்.

பரிவிலும் இதே சிக்கல்தான். 1957-இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், மற்றவரின் உலகத்தை நம்முடையதுபோல உணர வேண்டும், அந்த 'போல' மட்டும் கை நழுவக்கூடாது என்று வற்புறுத்தினார். அது நழுவினால் அவர் துக்கத்துக்குள் நானும் விழுந்துவிடுவேன், தூக்கிவிட ஆள் இருக்காது. சிகிச்சைப் பலனுக்கும் பரிவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பல ஆய்வுகளை ராபர்ட் எலியட் குழுவினர் 2018-இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். பலனில் காணப்பட்ட வேறுபாட்டில் பத்து சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான பகுதி பரிவோடு தொடர்புள்ளது என்று வந்தது. ஆலோசகர் தன் பரிவுக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணைவிட, வருபவர் கொடுக்கும் மதிப்பெண்தான் பலனை நன்றாகக் காட்டுகிறது. எங்கள் தொழில்காரர்களுக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டிய செய்தி.

அதனால் நான் எதையும் கேள்வியாகவே வைக்கிறேன். "கோபம் வந்திருக்குமோ?" என்பேன். "கோபமா? இல்லை, வெட்கமா இருந்துச்சு" என்று பதில் வரும். என் ஊகம் தவறுதான். ஆனால் அதை மறுக்கப் போய்த்தான் அவருக்குச் சரியான சொல் கிடைத்தது.

வெறுப்பும் எரிச்சலும் வந்தால் உடனே தெரிந்துவிடும். எனக்குப் பயமெல்லாம் பிரியத்தைப் பார்த்துத்தான். சிலரை ரொம்பப் பிடித்துவிடும். அமர்வு நேரம் தாண்டும், இரவு வரும் செய்திக்கும் பதில் போடத் தோன்றும், கேட்க வேண்டிய கடினமான கேள்வி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். எல்லாம் அக்கறையின் பெயரில் நடப்பதால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. நாங்கள் எங்கள் வேலையை இன்னொரு ஆலோசகரிடம் சொல்லி அலசும் மேற்பார்வை அமர்வு இதற்குத்தான். அனுபவம் கூடினால் மேற்பார்வை தேவைப்படாது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் மேற்பார்வையாளர் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு வழக்கமாகக் கேட்கும் கேள்வி: "இதுவரை யாருடைய பெயரை நீங்கள் சொல்லவே இல்லை?"