‘பூர்லி’ என்றால் எவ்வளவு மோசம்? பிரிட்டன் வார்டுக்குப் போகும் நர்ஸுகளுக்கு

மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வான ஓஈடி தேறி, அந்நாட்டு நர்ஸ் கவுன்சிலான என்எம்சியில் பதிவும் முடித்து பிரிட்டன் ஆஸ்பத்திரி வார்டில் போய் நிற்கும் நம்மூர் நர்ஸைத் திணறடிப்பது மருத்துவச் சொற்கள் இல்லை. நிமோனியா எங்கே போனாலும் நிமோனியாதான். நோயாளியும் அவர் வீட்டாரும் பேசும் சாதாரண இங்கிலீஷ்தான் திணறடிக்கும். உடம்பு சரியில்லை என்பதைச் சொல்ல அந்த ஊரில் ஏகப்பட்ட சொற்கள் உண்டு. அவற்றில் பல, விஷயத்தைக் குறைத்தே சொல்லும்.

‘பூர்லி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குச் சளி என்றாலும் பூர்லிதான். அதே சொல்லை வார்டிலிருந்து வீட்டாருக்குப் போன் செய்து ‘வெரி பூர்லி’ என்று சொன்னால், பிழைப்பதே சந்தேகம் என்ற பொருளும் வரலாம். யார், யாரிடம், எந்த இடத்தில் சொல்கிறார் என்பதை வைத்துத்தான் அளவு தெரியும். நீங்களே வீட்டாருக்குச் செய்தி சொல்லும்போது பூர்லியோடு நிறுத்தாதீர்கள். உயிருக்கு ஆபத்து இருந்தால் ‘ஹி மே டை’ என்று வெளிப்படையாகச் சொல்வதுதான் அங்கே சரியான முறை. இறந்துவிட்டால் ‘டைட்’. நம் கேஸ் ஷீட்டில் எழுதும் ‘எக்ஸ்பயர்ட்’ அங்கே வேண்டாம். ‘ஸ்டேபிள்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவரும் ஸ்டேபிளாக இருக்கலாம். வீட்டார் அதைக் கேட்டு, தேறிவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது ‘சிக்’. ‘ஐ ஃபீல் சிக்’ என்றால் குமட்டுகிறது. ‘ஐ வாஸ் சிக் ட்வைஸ்’ என்றால் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். இதைப் பொதுவான சுகவீனம் என்று எடுத்துக்கொண்டால், சார்ட்டில் இரண்டு வாந்தி விட்டுப்போகும். எவ்வளவு, என்ன நிறம், ரத்தம் உண்டா, காபித்தூள் மாதிரி இருந்ததா என்று அப்போதே கேட்க வேண்டும். நாம் சொல்லும் ‘வாமிட்டிங் சென்சேஷன்’, ‘லூஸ் மோஷன்’ இரண்டும் அங்கே புழக்கத்தில் இல்லை. வயிற்றுப்போக்கை நோயாளி ‘த ரன்ஸ்’ என்பார். நீங்கள் மலத்தின் தன்மையை 1 முதல் 7 வரை வகைப்படுத்தும் பிரிஸ்டல் சார்ட்டில் வகை 6, 7 என்று குறித்துவிட்டு, தனி அறை தேவையா என்று உடனே கேளுங்கள். ‘வாட்டர்வொர்க்ஸ்’ சரியில்லை என்றால் சிறுநீர்ப் பிரச்சினை. ‘பங்க்ட் அப்’ என்றால் மூக்கடைப்பு, சில சமயம் மலச்சிக்கல். எது என்று கேட்டுவிடுங்கள். ‘பீக்கி’, ‘ஆஃப் கலர்’, ‘அண்டர் த வெதர்’ எல்லாம் பொதுவாகச் சோர்வு, முகம் வெளிறியிருப்பது. அவற்றில் பெரிய குழப்பம் வராது.

‘க்ரானிக்’ ஏமாற்றும். மருத்துவத்தில் அது நாள்பட்டது. வயதான சிலர் வாயில் ‘மை பேக் இஸ் க்ரானிக்’ என்றால் வலி தாங்க முடியவில்லை என்று பொருள். நேற்று ஆரம்பித்த வலியாகவும் இருக்கலாம். ‘அக்யூட்’ இதற்குத் தலைகீழ். நமக்கு அது திடீரென வந்தது, கேட்பவருக்கோ கடுமையானது.

‘ஃபன்னி டர்ன்’ என்று யாராவது சொன்னால் கையில் இருப்பதை வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். நம்மூரில் ‘மயக்கமா வந்துச்சு’ என்பதைப் போலவே அதற்குள் நாலைந்து விஷயம் அடங்கும். அறை சுற்றியதா? கண் இருட்டி விழுந்தாரா? முகம் ஒரு பக்கம் கோணியதா, கை தளர்ந்ததா, பேச்சு குழறியதா? எத்தனை நிமிடம் நீடித்தது? குழறல் வந்து தானாகச் சரியாகியிருந்தால் டிஐஏ, அதாவது வந்து மறையும் சிறு பக்கவாதமாக இருக்கலாம். கடந்த ஒரு வாரத்துக்குள் நடந்தது என்றால் 24 மணி நேரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டுதல். சர்க்கரையை உடனே குத்திப் பாருங்கள். மீட்டர் மில்லிமோலில் காட்டும். 4-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. நம் மில்லிகிராம் கணக்குக்கு 18-ஆல் பெருக்கினால் 72. எழுந்தபோதுதான் வந்தது என்றால், குறைந்தது 5 நிமிடம் படுக்க வைத்து பிபி எடுங்கள். பிறகு நிற்க வைத்து முதல் நிமிடத்துக்குள் ஒருமுறை, 3-ஆவது நிமிடத்தில் ஒருமுறை. மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கேட்க மிகச் சாதுவாக இருக்கும் ஒரு வாக்கியம்: ‘ஷி இஸ் நாட் ஹெர்செல்ஃப் டுடே’. பார்க்க வந்த மகள் போகிற போக்கில் சொல்வார். அம்மா வழக்கம்போல இல்லை என்கிறார், அவ்வளவுதான். ஆனால் தினமும் பார்ப்பவருக்குத் தெரியும் மாற்றம் புதிதாக வந்த நர்ஸுக்குத் தெரியாது. அந்த அம்மா கண் திறந்திருக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார். நாமும் ‘அலர்ட்’ என்று குறித்துவிடுவோம். நோயாளி மோசமாகிறாரா என்று மூச்சு, நாடி, நினைவு போன்றவற்றுக்கு மதிப்பெண் போடும் நியூஸ் 2 சார்ட்டில் அந்த ஒரு குறியால் என்ன ஆகிறது பாருங்கள். மூச்சு 22, அதற்கு 2. நாடி 96, அதற்கு 1. மற்றவை சரி, மொத்தம் 3. அடுத்த பார்வை நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் என்று விட்டுவிடுவார்கள். மகள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, எது மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்டு, இடமும் மாதமும் தெரிகிறதா என்று சோதித்தால் புதிய குழப்பம் வெளியே வரும். அதற்கு மட்டும் 3. இப்போது மொத்தம் 6: மணிக்கொருமுறை கவனிப்பு, அவசரமாக டாக்டர். தொற்று முற்றி உறுப்புகளைத் தாக்கும் செப்சிஸ் பல முதியவர்களிடம் காய்ச்சலே இல்லாமல் இப்படித்தான் முகம் காட்டும். நேற்று வரை நடந்தவரை ‘ஆஃப் ஹிஸ் லெக்ஸ்’ (எழுந்து நடக்க முடியவில்லை) என்றாலும் இதே அக்கறையோடு பாருங்கள்.

வலியைக் கேட்டால் ‘மஸ்ட்ன்ட் கிரம்பிள்’, ‘நாட் டூ பேட்’ என்பார்கள். அந்தத் தலைமுறைக்குப் புலம்புவது அழகில்லை. படுத்திருக்கும்போது எவ்வளவு என்று கேட்டுவிட்டு, இருமும்போது, எழும்போது எவ்வளவு என்று 0 முதல் 10 வரை தனியாகக் கேளுங்கள். ‘பிட் ஆஃப் இன்டைஜெஷன்’ என்று நெஞ்சைத் தடவுபவருக்கு வியர்வையும் இருந்தால், ஜெலுசில் தேடுவதற்கு முன் 10 நிமிடத்துக்குள் இசிஜி.

குறிப்பில் நோயாளியின் சொல்லை மேற்கோள் போட்டு அப்படியே எழுதுங்கள். மொழிபெயர்த்து ‘கிடினெஸ்’ என்று மாற்ற வேண்டாம். அதன் கீழே நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதும், எண்களும், 24 மணிக் கணக்கில் நேரமும். இரவு 02:40-க்கு டாக்டரைக் கூப்பிடும்போது எஸ்பார் (நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை) வரிசையில் முதலில் நியூஸ் எண்ணைச் சொல்லுங்கள், எந்த எண்ணிலிருந்து ஏறியது என்பதையும் சேர்த்து. மகள் சொன்ன வாக்கியம் அதற்கு அடுத்தது.