அழிப்பான் தூள்

7 ஜூலை 2025, திங்கள்

இரண்டு பயிற்சிப் புத்தகங்கள். இரண்டிலும் 10க்கு 6.

ஒருத்தியின் நான்கு தவறும் நான்கு விதம். ஒரு கணக்கை மாற்றி எழுதியிருக்கிறாள், ஒன்றில் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டாள், மற்ற இரண்டும் அவசரம். திரும்பப் பார்த்தால் அவளே திருத்திவிடுவாள். ஜன்னலோரத்துப் பையனுக்கு நான்கும் ஒரே தவறு. 4003 − 1567 = 2566. 5204 − 1378 = 3876. மேலே சுழியம் வந்தால் அதைத் தாண்டிப் போய் அடுத்த இலக்க வீட்டில் கடன் வாங்குகிறான். அப்புறம் சுழியத்தில் 6 போகாதே என்று அந்த 6ஐயே கீழே இறக்கிவிடுகிறான். சுழியம் இல்லாத ஆறும் சரி.

புள்ளிப் பட்டியலில் இருவரும் அடுத்தடுத்து. ஒரே மாணவர் என்றே தோன்றும்.

8 ஜூலை

அவன் மேசை முழுக்க அழிப்பான் தூள்.

9 ஜூலை

விடையை மட்டும் விட்டுவிட்டு வழிமுறையை அழிக்கிறான். கடன் வாங்கிய கோடு, மேலே எழுதிய சின்ன எண், எல்லாம் போய்விடுகிறது. எனக்கு வேண்டியதே அதுதான். தவறு எங்கே நுழைந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

இங்கே மலேசியத் தொடக்கப்பள்ளியில் 2019 முதல் மூன்றாம் ஆண்டு வரை சோதனை கிடையாது. நான்காம் ஆண்டில்தான் புள்ளி என்ற ஒன்றே வருகிறது. போன வருடம் வரை இவர்களில் யாரும் அழித்து ஒளித்ததாக யாரும் சொல்லவில்லை.

இனிமேல் பேனா. தவறினால் குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான்.

10 ஜூலை

மழை. தகரக் கூரையில் ஒன்றும் கேட்கவில்லை.

14 ஜூலை, திங்கள்

டியூஷன் பட்டியல் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்திருக்கிறது. முதல் மூவருக்கு நட்சத்திரம். கடைசிப் பெயர் வரை விடாமல் போட்டிருக்கிறார்கள். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இல் போனது. 7ஏ, 2016க்குப் பிறகு 8ஏ என்று எண்ணிய பழக்கம் மட்டும் போகவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்த வீடுகளில் அந்த ‘ஏ’ வெறும் எழுத்தில்லை. அதனால் பெற்றோரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

“டீச்சர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டிபி 5ஆம். என் மகன் மட்டும் ஏன் 3?”

டிபி என்பது பள்ளி மதிப்பீட்டில் தரும் அடைவுநிலை, 1 முதல் 6 வரை. டிபி 3 என்றால் படித்ததைச் செய்து காட்டுகிறான் என்று பொருள். பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிடுவதற்காக வந்ததில்லை. சொன்னேன். “சரிங்க டீச்சர், அடுத்த தடவை 5 வாங்கிருவானா?”

15 ஜூலை

1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்ததுதான் மறுபடியும் மறுபடியும் நினைவுக்கு வருகிறது. சிலருக்குப் புள்ளி மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் மேம்பட்டார்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. புள்ளி பக்கத்தில் இருந்தால் குறிப்பை யார் படிப்பது? வகுப்பில் தினமும் பார்ப்பதுதானே: எண்ணைப் பார்ப்பான், பக்கத்துப் புத்தகத்தை எட்டிப் பார்ப்பான், மூடி வைப்பான்.

ஆகவே இந்த வாரம் புள்ளி இல்லை. ‘நன்று’, ‘மேலும் முயல்க’ இரண்டும் கூடாது. சரியான இடம் ஒன்று, பார்க்க வேண்டிய இடம் ஒன்று, செய்ய வேண்டிய கணக்கு ஒன்று. 32 புத்தகம், தலைக்கு இரண்டு நிமிடம், ஒரு மணிக்கு மேல் ஆகிறது. தினமும் நடக்காது. ஒரு நாளைக்கு 11. முதலில் தவறுவாரியாக அடுக்கிக்கொண்டால் ஒரே குறிப்பு ஐந்தாறு பேருக்கு உதவும்.

மறுநாள் பாடத்தின் முதல் ஐந்து நிமிடம் திருத்துவதற்கே. அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் எழுதிய குறிப்பெல்லாம் வீண்.

17 ஜூலை

தலைமையாசிரியர் கேட்டார்: புள்ளி எங்கே?

18 ஜூலை, வெள்ளி

விளையாட்டு நோட்டு: நூறு நான்கு, ஒரு வெள்ளி (ரிங்கிட்) மூன்று, பத்து ஒன்றுமில்லை. 403இல் 156 கொடு. ஜன்னலோரத்துப் பையனிடம் பத்து இல்லை. ஒரு நூறை நீட்டி, “மாத்திக் குடுங்க டீச்சர்.” பத்துப் பத்தாக எண்ணி வாங்கினான். அதில் ஒரு பத்தைத் திரும்ப நீட்டி ஒரு வெள்ளிகளாக மாற்றிக்கொண்டான். மிச்சம் 247.

தாளுக்கு வந்தால் மறுபடி தாண்டுகிறான். கடைசி இலக்கத்தை விரலால் மறைக்கச் சொன்னேன். 4003இல் 3ஐ மறைத்தால் 400. அதில் ஒன்று குறைத்தால் 399, கடைசி வீட்டில் 13. கடன் ஒரே தடவையில் முடிந்தது. 2436.

பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்தான். இவன் கையால் மறைத்துக்கொண்டான். சரியான விடையையும் மறைக்கிறான்.

21 ஜூலை

இன்று இரண்டு கோடு, குறுக்கே. தூள் இல்லை.

22 ஜூலை

புள்ளி வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். கொடுக்கத்தான் வேண்டும். புத்தகத்தில் எழுத மாட்டேன், என் பதிவேட்டில் மட்டும்.

நாளைக்கு 7002 − 2685. விடை 4317. 4687 வந்தால் இன்னும் தாண்டுகிறான்