வாரம் 5 பவுண்டு: ஒரு பிங்கோ நாட்குறிப்பு

2 பிப்ரவரி 2026, திங்கள்

வாரத்துக்கு 5 பவுண்டு. அதற்கு மேல் ஒரு பென்னி கிடையாது. இதை எழுதி வைத்த பிறகுதான் காசு கட்டி ஆன்லைனில் பிங்கோ ஆடும் தளம் தேட வேண்டும். தளத்தைப் பார்த்துவிட்டுத் தொகையை முடிவு செய்தால் தொகை வளர்ந்துகொண்டே போகும்.

டிக்கெட் விலையைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒரு பென்னி, ஐந்து பென்ஸ் என்பதெல்லாம் விலையே இல்லை. மணிக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் விலை. 90 எண் ஆட்டம் (1 முதல் 90 வரை எண்களைக் கூப்பிடக் கூப்பிட நம் டிக்கெட்டில் இருப்பது அடிபட்டுக்கொண்டு போகும்) ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க 5 நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 12 ஆட்டம். 1 பென்னி டிக்கெட் 6 வாங்கினால் மணிக்கு 72 பென்ஸ். 5 பென்ஸ் டிக்கெட் 6 என்றால் 3 பவுண்டு 60. 10 பென்ஸ் டிக்கெட் 24 என்றால் 28 பவுண்டு 80!

பரிசு எதுவுமே விழவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால் அந்த 5 பவுண்டு முதல் அறையில் (ஆட்டம் ஓடும் தளப் பக்கத்தை அறை என்பார்கள்) ஏறக்குறைய 7 மணி நேரம் வரும். இரண்டாவதில் ஒன்றரை மணி நேரம்கூட வராது. மூன்றாவதில் இரண்டே ஆட்டம், மீதி 20 பென்ஸ்.

ஆக, தளத்தில் முதலில் தேட வேண்டியது 1, 2 பென்ஸ் அறைகள் எந்த நேரத்தில் திறந்திருக்கின்றன என்பது. சில தளங்களில் அவை காலையில் மட்டும்தான். விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். லாபியை, அதாவது அறைகளின் பட்டியல் பக்கத்தை, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு முறை திறந்து பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

4 பிப்ரவரி, புதன்

உரிமம். பிரிட்டனில் இருப்பவர்களுக்குத் தளம் நடத்துகிறவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும் பிரிட்டிஷ் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் வேண்டும். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் நிறுவனத்தின் பெயரும் ஆணையத்தில் அதன் கணக்கு எண்ணும் இருக்கும். முத்திரைப் படத்தைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது, படத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். அந்த எண்ணை ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் நாமே தட்டிப் பார்க்க வேண்டும். அங்கே அந்த நிறுவனத்தின் தள முகவரிகள் வரிசையாக இருக்கும். நாம் திறந்து வைத்திருக்கும் முகவரி எழுத்துக்கு எழுத்து அதில் இருக்க வேண்டும். ஒரு கோடு, ஒரு எழுத்து மாறினாலும் மூடிவிட வேண்டியதுதான்.

அதே பக்கத்தில் ஒழுங்கு நடவடிக்கைகளும் தெரியும். அபராதம் கட்டியவர்களை எல்லாம் ஒதுக்கினால் பெரிய நிறுவனங்களில் பாதி போய்விடும். எதற்காக அபராதம் என்று படித்தால் போதும்.

இன்னொன்று, நிறுவனம் திவாலானால் கணக்கில் கிடக்கும் நம் பணம் என்ன ஆகும் என்று விதிமுறையில் அவர்களே சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு இல்லை, நடுத்தரம், உயர்ந்தது என்று மூன்று நிலை. 5 பவுண்டுக்காரருக்கு இது பெரிய விஷயம் இல்லை, கணக்கில் பணத்தைத் தங்க விடாமல் இருந்தால்.

5 பிப்ரவரி, வியாழன்

கணக்கில் பணம் போடும் குறைந்தபட்சத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள். எடுக்கும் குறைந்தபட்சத்தை ஒளித்து வைக்கிறார்கள்.

5 பவுண்டு போடலாம், ஆனால் 20 சேர்ந்தால்தான் எடுக்கலாம் என்று இருக்கும் தளத்தில் 12 பவுண்டு விழுந்தால் அது நம் பணம் இல்லை. 20-ஐ எட்டவா என்று ஆடுவோம், அதிலேயே கரைந்துவிடும். சிறிய தொகைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பள்ளம் கிடையாது. பதிவு செய்வதற்கு முன்னாலேயே உதவிப் பக்கத்தில் 'வித்டிராவல்' என்று தேடி நான்கு விஷயம் குறித்துக்கொள்ள வேண்டும்: குறைந்தபட்சம், கட்டணம், எத்தனை நாள், போட்ட வழியிலேயே திரும்புமா.

எடுக்கும்போது கட்டணம் பிடிக்கும் தளங்கள் இன்னும் உண்டு. 10 பவுண்டு எடுக்க இரண்டரைப் பவுண்டு போனால் கால் பங்கு காலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். செல்பேசிப் பில்லில் போடுவதும் அப்படித்தான்: சில இடங்களில் கட்டணம் உண்டு, அந்த வழியாகத் திருப்பி எடுக்கவும் முடியாது. டெபிட் கார்டுதான் நேர்வழி. கிரெடிட் கார்டில் போடுவது 2020 ஏப்ரல் 14 முதல் தடை. கடன் வாங்கி ஆடக் கூடாது என்பதற்காக வந்த தடை அது, இன்னும் பத்து வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

7 பிப்ரவரி, சனி

இரவு அறைகள் பிதுங்குகின்றன. இன்று வேண்டாம்.

8 பிப்ரவரி, ஞாயிறு

காலை முழுக்க இதே யோசனை. எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

ஒரு டிக்கெட்: 3 வரி, 9 பத்தி, 27 கட்டம். அதில் 15 எண், வரிக்கு 5. மீதி வெற்றுக் கட்டம். முதல் பத்தியில் 1 முதல் 9 வரை, கடைசிப் பத்தியில் 80 முதல் 90 வரை. 6 டிக்கெட் சேர்ந்த ஸ்ட்ரிப்பில் 1 முதல் 90 வரை எல்லா எண்ணும் ஒரே ஒரு முறை வரும். அதனால் ஸ்ட்ரிப் வாங்கினால் கூப்பிடும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏதோ ஒரு டிக்கெட்டில் ஒரு கட்டம் நிறம் மாறும். கண்ணுக்கு நன்றாக இருக்கும், நெருங்கிவிட்டோம் நெருங்கிவிட்டோம் என்று தோன்றும். வாய்ப்பு அதனால் கூடுவதில்லை. ஃபுல் ஹவுஸ் (டிக்கெட்டின் 15 எண்ணும் எல்லோருக்கும் முன்னால் அடிபடுவது) விழும் வாய்ப்பு என்பது நம் டிக்கெட்டை அறையில் விற்ற மொத்த டிக்கெட்டால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். ஸ்ட்ரிப்பாக எடுத்தாலும் உதிரியாக எடுத்தாலும் அதே.

எனவே அறையில் எத்தனை டிக்கெட் விற்றிருக்கிறது என்பதுதான் கேள்வி. லாபியில் பெரும்பாலும் ஆள் எண்ணிக்கைதான் தெரியும். 40 பேர் என்று இருக்கும். அந்த 40 பேரில் ஒருவர் 96 டிக்கெட் வாங்கியிருந்தால் அவர் ஒருவரே ஆறு டிக்கெட்காரர்கள் 16 பேருக்குச் சமம். ஆள் குறைவு என்று நம்பி உள்ளே போய் ஏமாறுவது இப்படித்தான். ஆளுக்கு 6 அல்லது 12 டிக்கெட்தான் என்று உச்சவரம்பு வைத்த அறைகள் உண்டு. சின்னக் கைக்கு அதுதான் அறை. தளத்தை ஒப்பிடும்போது அப்படிப்பட்ட அறைகள் எத்தனை என்று எண்ண வேண்டும்.

அடுத்தது பரிசு. உத்தரவாதப் பரிசு 20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம்: ஒரு வரிக்கு 4, இரண்டு வரிக்கு 6, ஃபுல் ஹவுஸுக்கு 10. டிக்கெட் 5 பென்ஸ். 400 டிக்கெட் விற்றால் வந்த பணமும் பரிசும் சரிசமம். 240 விற்றிருந்தால் நமக்கு லாபமான அறை. 1,800 விற்று பரிசு அதே 20-ல் நின்றால் 5 பென்ஸுக்கு ஒரு பென்ஸ் சொச்சம்தான் திரும்புகிறது. விற்பனை கூடக்கூடப் பரிசும் கூடுமா, 20-லேயே நிற்குமா என்பது அறையின் விதியில் இருக்கும். நூற்றுக்கு எத்தனை பரிசாகத் திரும்புகிறது என்பதையும் அங்கேதான் தேட வேண்டும்.

அந்த நல்ல அறையிலேயே, 240-ல் நம்முடையது 6 என்றால் நாற்பதில் ஒன்று. 5 பவுண்டுக்கு 16 ஆட்டம். கணக்குப் போட்டால் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் ஃபுல் ஹவுஸே இல்லாமல் போகும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு மனம் உடையாது.

10 பிப்ரவரி, செவ்வாய்

போனஸ். '10 போடு, 20 இலவசம்.'

ஜனவரி 19 முதல் புது விதி: போனஸைக் காசாக எடுக்கும் முன் அதைப் போல 10 மடங்குக்கு மேல் ஆடச் சொல்லக் கூடாது. ஸ்லாட்டும் (பொத்தானை அழுத்திச் சுழற்றும் சூதாட்டம்) ஆடு பிங்கோவும் ஆடு என்று இரண்டைக் கட்டிப்போடும் சலுகையும் கூடாது. நல்ல விதி, மனதார வரவேற்க வேண்டியது. ஆனால் 10 மடங்கும் சின்னக் கைக்கு மலைதான். 20-க்கு 10 மடங்கு 200 பவுண்டு. நூற்றுக்கு 75 திரும்பும் அறையில் 200 பவுண்டுக்கு டிக்கெட் வாங்கினால் சராசரியாக 50 போகும். கையில் இருப்பது போட்ட 10, போனஸ் 20, ஆக மொத்தமே 30. முடிவதற்குள் தீர்ந்துவிடும். அந்த 200 என்பது 40 வாரத்துக் காசு, கெடுவோ பல இடங்களில் 7 நாள்.

அதிலும் முதலில் செலவாவது சொந்தக் காசு, போனஸ் அப்புறம்தான். 10 போட வேண்டும் என்பதே இரண்டு வாரத்தை ஒரே நாளில் கரைப்பது.

எடுத்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு வகைதான். ஒன்று, வேஜரிங் (எடுக்கும் முன் இத்தனை மடங்கு ஆட வேண்டும் என்ற கட்டாயம்) இல்லாத இலவச டிக்கெட், விழுந்தது காசாகவே வரும். இரண்டு, இலவச அறை. இலவச அறைக்கும் 'கடந்த 7 நாளில் பணம் போட்டிருக்க வேண்டும்' என்ற நிபந்தனை இருக்கிறதா, பரிசு காசா போனஸா என்று பார்க்க வேண்டும். மற்றதற்கெல்லாம், பணம் போடும் பக்கத்தில் போனஸ் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுப் போட வேண்டும். சில தளங்களில் அது முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கலாம்.

11 பிப்ரவரி, புதன்

எடுக்கும் குறைந்தபட்சம். மறுபடியும் அதுவே தூக்கத்தைக் கெடுத்தது. பட்டியலில் இருந்த ஏழு தளத்தில் நான்கை அதற்காகவே அடித்தாயிற்று.

13 பிப்ரவரி, வெள்ளி

40 அழைப்புக்குள் ஃபுல் ஹவுஸ் என்றால் பெரும் பரிசு. ஒரு டிக்கெட்டுக்கு அது சுமார் 11 லட்சத்து 38 ஆயிரத்தில் ஒன்று. 6 டிக்கெட், வாரம் 16 ஆட்டம் என்றால் சராசரியாக 228 வருடம். அந்தப் பெரும் பரிசுக்குப் போகும் பங்கு டிக்கெட் காசில் இருந்துதான் போகிறது. அது இல்லாத அறையாகப் பார்க்கலாம்.

14 பிப்ரவரி, சனி

டிக்கெட் திரைக்குப் பக்கத்திலேயே குட்டி ஸ்லாட் சுழல்கிறது. பிங்கோவில் மணிக்கு 72 பென்ஸ், அதில் ஒரு நிமிடத்தில் 72 பென்ஸ். 2025-ல் வந்த உச்சவரம்பே ஒரு சுழற்சிக்கு 5 பவுண்டு (25 வயதுக்குக் கீழே 2), அதாவது ஒரே அழுத்தலில் நம் வாரம் முழுவதும் போய்விடலாம். அந்தப் பலகையை மூடி வைக்கும் வசதி உள்ள தளம் என்றால் ஒரு மதிப்பெண் கூட.

16 பிப்ரவரி, திங்கள்

பத்துத் தளம் பார்த்தோம் என்று நினைத்தால் பார்த்தது மூன்றுதான். பல தளங்கள் ஒரே பிணையத்தில் (நெட்வொர்க்கில்) ஓடுகின்றன. பிளேடெக்கின் வர்ச்சூ ஃபியூஷன், டிராகன்ஃபிஷ், பிராக்மாடிக் பிளே என்று மென்பொருள் சில, பெயர்ப்பலகை பல. ஒரே நிமிடத்தில் இரண்டு தளத்தின் லாபியைத் திறந்து, அறையின் பெயரும் ஆள் எண்ணிக்கையும் பரிசும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்றாக இருந்தால் ஆட்டத்தில் வித்தியாசம் இல்லை. வெளியே எடுக்கும் விதியில் எது நல்லதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

17 பிப்ரவரி, செவ்வாய்

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கிவிடக் கூடாது. இந்தியாவில் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது. வீட்டில் குடும்பத்தோடு ஆடும் தம்போலா வேறு, இது வேறு. அங்கே 'பிங்கோ தளம்' என்று வரும் விளம்பரத்தைத் தொடவே வேண்டாம்.

19 பிப்ரவரி, வியாழன்

பெயர். நம் ஆட்களுக்குச் சரிபார்ப்பு இடறுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்தில், நம் பெயர் இன்னொன்றில். வங்கி அட்டையில் இடம் போதாமல் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, இனிஷியல் முன்னால் ஏறியிருக்கும். மின்கட்டண ரசீதில் மூன்றாவது மாதிரி. தளம் கேட்கும் 'குடும்பப் பெயர்' கட்டத்தில் எதைப் போடுவது? வங்கிக் கணக்கில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே, முன்பின் மாற்றாமல் போட வேண்டும். ஏனென்றால் பணம் திரும்ப வேண்டியது அந்தக் கணக்குக்கு. வீடு மாறியவர்கள் வாக்காளர் பதிவை முதலில் புதுப்பிக்க வேண்டும். தானியங்கிச் சரிபார்ப்பு பழைய முகவரியில் தேடித் தோற்றால்தான் ஆவணம் கேட்பார்கள்.

2019 மே 7 முதல் வயதையும் அடையாளத்தையும் ஆடுவதற்கு முன்பே சரிபார்த்தாக வேண்டும். அப்போதே கேட்டிருக்க முடிந்த ஆவணத்தை, எடுக்கும்போது புதிதாகக் கேட்டு இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தடித்தால் எழுத்தில் புகார். 8 வாரத்தில் தீரவில்லை என்றால் விதிமுறையில் குறித்திருக்கும் நடுவர் அமைப்புக்கு இலவசமாகப் போகலாம்.

முதல் டெபாசிட்டுக்கு முன் வரம்பு வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். வாரம் 5 என்று போட வேண்டும். குறைத்தால் உடனே அமலாகும், கூட்டினால் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் நமக்குக் காவல். அதையும் மீறிக் கை போகிறது என்றால் கேம்ஸ்டாப் (நம்மை நாமே தடுத்துக்கொள்ளும் பதிவு): 6 மாதம், 1 வருடம், 5 வருடம், உரிமம் பெற்ற எல்லாத் தளமும் ஒரே பதிவில் மூடிவிடும். வங்கி ஆப்பில் சூதாட்டத் தடையையும் சேர்த்துப் போட்டால்தான் முழுமை. வாடகைக் காசில் கை வைத்த அன்றைக்கே செய்ய வேண்டியது இது, மறுநாள் இல்லை.

21 பிப்ரவரி, சனி

மிச்சம் இருப்பது மூன்று தளம். எழுத்தில் எல்லாம் சரி. இனி சோதனைதான். வாரம் ஒரு தளம், 5 பவுண்டு, போனஸ் டிக் எடுத்துவிட்டு. காலை 10 மணி, 1 பென்னி அறை, 6 டிக்கெட், 10 ஆட்டம். மீதி குறைந்தபட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் உடனே எடுக்கக் கேட்பது. கேட்ட நேரம், 'பரிசீலனையில்' என்று நின்ற நேரம், வங்கிக்கு வந்த நேரம், மூன்றும் தாளில். கேட்ட பணத்தை ரத்து செய்து திரும்ப ஆட வைக்கும் பொத்தான் 2021 அக்டோபரில் இருந்து இருக்கக் கூடாது. இருந்தால் அந்தத் தளம் அன்றோடு சரி.

முதல் தளத்தில் 10.55-க்குக் கேட்டது.

22 பிப்ரவரி, ஞாயிறு

பரிசீலனையில்.

24 பிப்ரவரி, செவ்வாய்

மதியம் 1.20. முழுதாக வந்தது, கட்டணம் பிடிக்கவில்லை. இரண்டாவது தளம் சனிக்கிழமை.