ஏழு வரித் துண்டும் அப்பப்பாவின் கொப்பித் தாளும்

இந்த வருடம் பெரிய வெள்ளி வழிபாட்டில் பாடுகளின் வாசகம் போய்க்கொண்டிருந்தது. உரோம ஆளுநன் பிலாத்து மாளிகைக்குள் போய் இயேசுவைக் கூப்பிட்டு, நீ யூதரின் அரசனா என்று கேட்கிற இடம் வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வருடாவருடம் கேட்கிற வாசகம்தான். கத்தோலிக்கக் கோயில்களில் பெரிய வெள்ளி என்றால் யோவான் எழுதிய பாடுகளைத்தான் வாசிப்பார்கள், சின்ன வயதில் கால் நோக நின்று எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டிருந்த அதே வாசகம். ஆனால் அதற்கு முந்திய இரண்டு கிழமையும் இரவிரவாக நான் அந்த வரிகள் இருக்கிற ஒரு பப்பைரஸ் (பழங்கால எகிப்தியத் தாள்) துண்டின் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் வாசிக்கிறவர் அந்த வசனத்துக்கு வந்ததும், தெரிந்த ஒருவரைச் சனத்துக்குள் கண்டதுபோல இருந்தது.

அந்தத் துண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். உயரம் 8.9 சென்ரிமீற்றர், அகலம் கூடிய இடத்தில் 6 சென்ரிமீற்றர். இங்கிலாந்தில் மான்செஸ்ரர் நகரத்து ஜோன் றைலன்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. முன்பக்கம் ஏழு வரி, பின்பக்கம் ஏழு வரி, ஒரு வரிகூட முழுசாக இல்லை. முன்பக்கத்தில் வரிகளின் தொடக்கம் மட்டும், பின்பக்கத்தில் வரிகளின் முடிவு மட்டும். முன்னுக்கு யோவான் 18ஆம் அதிகாரம் 31 முதல் 33 வரை, பின்னுக்கு 37ம் 38ம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கப் பப்பைரஸ் பிரதிகளுக்கு அறிஞர்கள் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டுக்கொண்டு போய் இப்போது 140ஐத் தாண்டிவிட்டார்கள், அந்த வரிசையில் இது 52ஆவது. பி52 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். புதிய ஏற்பாட்டுப் பிரதிகளில் மிகப் பழையது இதுதான் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்தச் சொல்லுக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் மனம் கனக்கும். இயேசு என்ற பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அது வரவேண்டிய இடமெல்லாம் கிழிந்த பக்கமாகப் போய்விட்டது. பிலாத்துவின் பெயர் முதல் எழுத்தோடு நிற்கிறது. பின்பக்கத்தில் ஒரு வரியின் முடிவில், பிலாத்து அவரிடம் சொல்கிறான் என்கிற இடத்தில் 'அவரிடம் சொல்கிறான்' என்ற சொற்கள் மட்டும் இருக்கின்றன. அவன் என்ன சொன்னான் என்பது அடுத்த வரியின் தொடக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அந்தத் தொடக்கம் இல்லை. உண்மை என்றால் என்ன என்று அவன் கேட்ட அந்தக் கேள்விதான் அங்கே காணாமல் போயிருக்கிறது. அதற்கு மேல் வரியில் 'உண்மை' என்ற சொல்லின் பெரும்பகுதி, இயேசு சொன்னது, அப்படியே கறுப்பு மையில் நிற்கிறது.

நான் ஏன் இதைப் போய்த் தேடினேன் என்றால் மாமி கொடுத்த ஒரு தாளால்.

எங்கள் அப்பப்பா தபசு காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்திய நோன்பு நாட்களில், இயேசுவின் பாடுகளை இராகத்தோடு சொல்கிற வியாகுலப் பிரசங்கத்தைக் கோயிலில் படிக்கிறவர். அந்தக் காலத்தில் அச்சுப் புத்தகம் எல்லோர் கையிலும் இல்லை, படிக்கிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் வாங்கிக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அப்பப்பாவும் அப்படி எழுதி வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் 30, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன அன்று எங்கள் வீட்டிலும் எல்லோரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். கொப்பி அலுமாரியிலேயே நின்றுவிட்டது. அடுத்த வருடம் பண்டத்தரிப்புப் பக்கம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அலுமாரி இல்லை. மாமி முற்றத்துக் குப்பைக்குள் ஒரு தாளை எடுத்திருக்கிறா, அதுவும் மேல்பாதி, அதுவும் நெடுக்காகக் கிழிந்தது. செப புத்தகத்துக்குள் வைத்துவிட்டு இத்தனை வருடமும் யாருக்கும் சொல்லவில்லை. இந்தத் தபசு காலத்தில்தான் "பிள்ளை, உதைக் கொம்பியூட்டரிலை ஏத்தி வைக்கேலுமே?" என்று கேட்டுத் தந்தா.

நான் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்துவிட்டு, பழைய தாள்களை எப்படிப் பாதுகாப்பது என்று தேடப் போய் பி52இல் வந்து விழுந்தேன்.

அதுவும் குப்பை என்று விடப்பட்டதாக இருக்கலாம் என்று நினைக்கிறபோது எனக்கு ஒருவித ஆறுதல். பப்பைரஸ் என்பது நைல் ஆற்றங்கரையில் சேற்றுக்குள் வளர்கிற ஒரு செடி, நாங்கள் பாய் இழைக்கிற கோரையின் இனம்தான். தண்டின் உள்சோற்றை மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஒரு அடுக்கை நெடுக்காகவும் மற்ற அடுக்கைக் குறுக்காகவும் வைத்து அழுத்திக் காயவிட்டால் தாள் மாதிரி வரும். ஈரம் பட்டால் உக்கிவிடும். எகிப்தின் வரண்ட மணலுக்குள் கிடந்தவைதான் பெரும்பாலும் இவ்வளவு காலம் தாக்குப் பிடித்தன. யாழ்ப்பாணத்து மாரிக்கும் கறையானுக்கும் இடையில் அது இருபது வருடம் தாங்காது. பேர்னாட் கிறென்பெல் என்ற அறிஞர் 1920இல் எகிப்தில் இந்தத் துண்டை வேறு பல துண்டுகளோடு விலைக்கு வாங்கினார். அது என்னவென்று தெரியாமலே 1926இல் இறந்தும் போனார். 1934இல் கொலின் றொபேட்ஸ் என்ற இளைஞர் அந்தக் குவியலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இது யோவானின் நற்செய்தி என்று கண்டுபிடித்து, அடுத்த வருடம் வெளியிட்டார்.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. இவ்வளவு சின்னத் துண்டில் இரண்டு பக்கமும் எழுத்து இருக்கிறது, அதுவும் ஒரே நூல் தொடர்ந்து போகிறது. சுருளாக இருந்தால் வழமையாக உள்பக்கம் மட்டும்தான் எழுதுவார்கள். ஆகவே இது மடித்துத் தைத்த ஏடு, எங்கள் பாஷையில் கொப்பி. தங்கள் வேதத்தைச் சுருளில் எழுதுவதை விட்டு இப்படிக் கொப்பியில் எழுதுவதை ஆதிக் கிறிஸ்தவர்கள் மிக ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டார்கள் என்பது இந்த மாதிரித் துண்டுகளால்தான் தெரிகிறது. சரி, முன்பக்கத்தின் ஏழாவது வரிக்கும் பின்பக்கத்தின் முதல் வரிக்கும் இடையில் விடுபட்ட பகுதி மற்றப் பிரதிகளால் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதில் எத்தனை எழுத்து என்று எண்ணி, ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று பிரித்தால், கிழிந்துபோன பாகத்தில் எத்தனை வரி இருந்தது என்று வந்துவிடும். அப்படிப் பார்த்ததில் ஒரு பக்கத்துக்கு 18 வரி. யோவானின் நற்செய்தி முழுவதுக்கும் இதே கணக்கைப் போட்டால் கிட்டத்தட்ட 130 பக்கக் கொப்பி! இன்னொன்றும் இந்தக் கணக்கால் தெரிந்தது. 37ஆம் வசனத்தில் 'இதற்காகவே' என்று இரண்டு தரம் வரும், ஆனால் இந்தப் பிரதியில் இரண்டாவது தரம் எழுத அந்த வரியில் இடம் போதாது. பார்த்து எழுதினவரின் கண் தாண்டிப் போயிருக்கலாம். காணாமல் போன இடத்தில் நடந்த ஒரு பிழையை, மிஞ்சிய இடத்தின் அளவை வைத்துப் பிடித்திருக்கிறார்கள்.

பின்பக்கம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கில் ஒன்றும் வந்திராது. அதை வாசித்த அன்று இரவே எழும்பிப் போய் அப்பப்பாவின் தாளின் பின்பக்கத்தையும் படம் எடுத்தேன்.

அடுத்த நாள் மாமியும் நானும் விறாந்தையில் இருந்துகொண்டு எண்ணினோம். மாமிக்கு 78 வயது, வியாகுலப் பிரசங்கத்தின் பல பகுதிகள் இன்னும் பாடம், அப்பப்பா வீட்டில் படித்துப் பழகும்போது அறைக்கு வெளியில் நின்று கேட்டுப் பிடித்தது. தாளில் முன்பக்கம் ஒன்பது வரி. கிழிந்த இடத்திலிருந்து அவ இராகத்தோடு சொல்லச் சொல்ல நான் எழுதினேன், பின்பக்கத்து முதல் சொல் வந்ததும் "நிப்பாட்டுங்கோ" என்றேன். பதினான்கு வரி. ஆக ஒரு பக்கத்துக்கு இருபத்து மூன்று. "அவர் ஒரு வரியும் சும்மா விடமாட்டார், கொப்பி என்ன விலை அப்ப" என்று மாமி சொன்னா. பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

அந்தத் தாளில் 'அழுதாள்' என்று வரவேண்டிய இடத்தில் 'அளுதாள்' என்று இருக்கிறது. எங்கள் ஊரில் வாயில் வருகிறபடி காதில் விழுந்து கைக்கு வந்தது. பதிவேற்றும்போது திருத்திவிடு என்று மாமி ஒரே பிடியாக நின்றா, தகப்பனுக்கு எழுத்துப் பிழை என்று ஊர் சொல்லக்கூடாதாம். நான் பி52ஐக் காட்டினேன். அதன் முதல் வரியிலேயே 'எங்களுக்கு' என்ற கிரேக்கச் சொல்லில் ஓரெழுத்து அதிகமாக இருக்கிறது. நாலாவது வரியில் 'உள்ளே போனான்' என்ற சொல் முதல் எழுத்தை விட்டுவிட்டுத் தொடங்குகிறது. அந்தக் காலத்துக் கிரேக்கர் வாயில் 'எஇ' என்ற ஈரெழுத்தும் 'இ' என்ற ஓரெழுத்தும் ஒரே 'இ' ஓசையாகப் போய்விட்டன, எழுதினவர் கேட்டபடி எழுதினார். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை, நம் ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல், எகரமா ஏகாரமா என்று வாசிக்கிறவனே பிரித்துக்கொள்ள வேண்டியிருந்ததுபோல. அந்த இரண்டு எழுத்துப் பிழையால்தான் அந்த மனுசர் எனக்கு ஒரு ஆளாகத் தெரிகிறார். அவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆனால் அவர் எப்படிப் பேசினார் என்று கொஞ்சம் தெரிகிறது. மாமி கண்ணாடியைப் போட்டு அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்தா. 'அளுதாள்' அப்படியே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது.

இனி அந்தச் சிக்கல். இது கி.பி. 125இல் எழுதப்பட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிற படங்களில் அடித்துச் சொல்கிறார்கள், நானும் முன்பு அப்படி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். துண்டில் திகதி இல்லை. திகதி தெரிந்த வேறு பப்பைரஸ்களின் எழுத்துச் சாயலோடு ஒப்பிட்டு, இரண்டாம் நூற்றாண்டின் முதற்பாதி என்று றொபேட்ஸ் சொன்னார். அந்த நேரத்தில் அது பெரிய செய்தி, ஏனென்றால் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பவுர் போன்ற வேத ஆய்வாளர்கள் யோவானின் நற்செய்தியே 160, 170 அளவில்தான் எழுதப்பட்டது என்று வாதாடியிருந்தார்கள். ஆனால் 2005இல் பிறென்ற் நொங்பிறி என்ற ஆய்வாளர், அதே சாயல் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்கூட இருக்கிறது, எழுத்தை மட்டும் வைத்து இவ்வளவு இறுக்கமாகத் திகதி சொல்ல முடியாது என்று காட்டினார். எனக்கு அவர் சொல்வது சரியாகப்படுகிறது. அப்பப்பா கலியாணத்துக்கு முன் எழுதிய கடிதம் ஒன்றும், எழுபது வயதில் எழுதிய கணக்குக் கொப்பி ஒன்றும் சித்தப்பா வீட்டில் இருக்கின்றன, இரண்டிலும் அதே சாய்வு, அதே நீண்ட 'ழ'கரக் கொம்பு. ஒரு மனுசரின் கையெழுத்து அரை நூற்றாண்டு மாறாமல் இருக்கலாம். விசுவாசம் உள்ளவர்கள் இதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 150 என்றாலும் 200 என்றாலும் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் குனிந்திருந்து அந்தக் கேள்வியை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதியிருக்கிறார். தெரியாத திகதியைத் தெரிந்ததுபோலப் பரப்புவதுதான் எனக்கு உறுத்துகிறது, அதுவும் பிலாத்து அந்தக் கேள்வியைக் கேட்கிற பக்கத்தை வைத்துக்கொண்டு.

1981 யூன் மாதம் எரிந்த எங்கள் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. ஆனால் கொப்பிகள் வீடுகளில் இருந்தன, இன்னும் இருக்கின்றன. வியாகுலப் பிரசங்கம், நாட்டுக்கூத்து, வைத்தியக் குறிப்பு, தேவாரம், எதுவானாலும் யாரோ பார்த்து எழுதியது, அலுமாரிக்குள், செப புத்தகத்துக்குள், றங்குப் பெட்டியின் அடியில் விரித்த தாளாக.

அப்படி ஒன்று அகப்பட்டால் பசை ஒட்ட வேண்டாம், லமினேற் செய்ய வேண்டாம். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். வெறுமையாகத் தெரிந்தாலும் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையும் எடுங்கள். வீட்டில் அதைப் பாடமாகச் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால் அன்றைக்கே பக்கத்தில் இருந்து எழுதிவிடுங்கள். மாமி இந்தக் கிழமை அடுத்த பகுதியைச் சொல்லத் தொடங்கியிருக்கிறா, நான் புதுக் கொப்பி ஒன்று வாங்கி, பக்கத்துக்கு இருபத்து மூன்று வரியாக எழுதிக்கொண்டு வருகிறேன்.