கட்டாத வத்தை

வாளியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சிவப்பு எல்இடி மட்டும் தானாக மினுக்கிக்கொண்டிருந்தது.

பாம்பன் வீட்டில் இரவு 11 மணி. அப்பாவின் வத்தைக்குள் (சின்னப் படகு) தண்ணீர் ஏறினால் விளக்கு எரிய வேண்டும் என்று ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் ஒரு மிதவை சுவிட்சை மாட்டி, வாளியில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். நிரல் பத்துப் பதினைந்து வரிதான். மூன்று முறை படித்தும் தப்பு தென்படவில்லை.

ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோனால் விளக்கு துடிக்கிறது. தொடக்கூட இல்லை. எடுத்தால் அடங்குகிறது. (கொஞ்ச நேரம் மந்திரவாதி மாதிரி இதையே செய்துகொண்டிருந்தேன்.)

அப்பா எட்டிப் பார்த்தார். சுவிட்ச் திறந்திருக்கும்போது, அதை மாட்டிய பலகையின் பின் (இணைப்புக் கால்) எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது, அக்கம்பக்கத்து மின் இரைச்சலை வாங்கி 0, 1 என்று மாற்றி மாற்றிச் சொல்கிறது என்றேன்.

"கட்டாத வத்தை அப்படித்தான்டா. காத்து இழுத்த பக்கம் போகும்."

கயிறு சில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஊனோவின் சில்லான ஏடிமெகா328பி-யில் இந்தப் பின்களுக்கு 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான புல்-அப் மின்தடை உண்டு, பின்னை 1 பக்கம் இழுத்துப் பிடித்து வைக்கும். நிரலில் பின்னின் வேலையைச் சொல்லும் பின்மோடு வரியில் 'இன்புட்' என்றிருந்ததை 'இன்புட்_புல்அப்' ஆக்கினேன். சும்மா இருந்தால் 1, சுவிட்ச் மூடிக் கிரவுண்டோடு சேர்ந்தால் 0. தலைகீழ்க் கணக்கு, பழகிவிடும்.

விளக்கு அடங்கியது. தண்ணீர் ஊற்றினேன், எரிந்தது.

நிரல் எழுதுவது திரைக்குள் முடிகிற வேலை என்றே நினைத்திருந்தேன். இதில் கையும் காற்றும்கூட உள்ளே வந்துவிடுகின்றன.

அப்பா ஒயர் நுனியைத் தூக்கிப் பார்த்தார். "உப்புக் காத்துக்கு எத்தனை நாள் தாங்கும்?"

செம்பில் ஏற்கெனவே பச்சை பிடித்திருந்தது.