ஒரு சுன் தூரம்

வாரத்தில் மூன்று மாலைகள், கராத்தேயில் புதிதாகச் சேர்ந்தவர்களின் வெள்ளை பெல்ட் வகுப்புக்கு நான்தான் உதவியாள். எல்லோருக்கும் முன்னால் போய்த் தரையைக் கூட்டித் துடைக்க வேண்டும். மேட்டுகளை இடைவெளி இல்லாமல் சேர்த்துப் போட வேண்டும். வருகைப் பதிவு, அவிழ்ந்து தொங்கும் பெல்ட்டுகளைக் கட்டிவிடுவது, முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் பிளாஸ்டரும் இருக்கின்றனவா என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. மாஸ்டர் "ஹாஜிமே" என்றால் பிள்ளைகள் தொடங்குவார்கள். வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி நேரம் பார்த்து "யாமே" சொல்வது என் வேலை. ஜப்பானிய மொழியில் யாமே என்றால் நிறுத்து.

இந்த வேலை எனக்குத் தண்டனையாக வந்தது.

அப்போது, கருப்புக்கு முந்தைய பழுப்பு பெல்ட் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு மாலை ஸ்பாரிங்கில், அதாவது ஜோடியாக மோதிப் பழகும் பயிற்சியில், எனக்கு எதிரே வந்தவர், நான் சேர்ந்த அதே வாரத்தில் சேர்ந்த நண்பர். அன்று அவருக்கு எல்லாம் கூடிவந்தது. வயிற்றில் இரண்டு கிக், முகத்துக்கு நேரே ஒரு குத்து, மூன்றும் சுத்தமான பாயிண்ட். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. நான்காவது முறை அவர் உள்ளே வரப்போவது, முன்னங்காலில் எடை மாறியதிலேயே தெரிந்தது. பின்கையால் கியாக்கு சுக்கி என்ற குத்தைப் போட்டேன். அவர் வருகிறார் என்று தெரியும். கை எங்கே போய் முடியும் என்றும் தெரியும். நிறுத்த நேரம் இருந்தது. நிறுத்தவில்லை.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரத்துணியைத் தரையில் போட்டது போல இருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்தார். மவுத் கார்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதிலிருந்து ஒரு ரத்த நூல் உதட்டுவரை நீண்டு அறுந்தது. "பரவாயில்ல, பரவாயில்ல" என்றுதான் சொன்னார். உதட்டில் இரண்டு தையல் போட வேண்டியிருந்தது.

மாஸ்டர் கத்தவில்லை. எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கை போச்சு, சரி. ஏன் நிக்கல?"

"அவரும் முன்னாடி வந்துட்டார், மாஸ்டர்."

"வருவார்னு தெரிஞ்சுதானே போட்ட?"

பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மூன்று மாதம் எனக்கு ஸ்பாரிங் இல்லை, வெள்ளை பெல்ட் வகுப்பில் நிற்க வேண்டும் என்றார். அந்த மூன்று மாதம் முடிந்து வெகுநாளாகிவிட்டது. நானாகவே கேட்டுக்கொண்டு அங்கேயே தொடர்கிறேன்.

குத்தை எதிராளியின் உடம்புக்கு முன்னால் நிறுத்துவதற்கு சுன்தொமே என்று பெயர். சுன் என்பது பழைய ஜப்பானிய நீள அளவு. ஏறக்குறைய 3 சென்டிமீட்டர், கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இதைப் பாவம் பார்த்து அடிப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வகுப்புக்கு உள்ளே இருக்கும் பலரும் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு காற்றில் குத்திவிட்டு, கன்ட்ரோல் செய்தேன் என்கிறார்கள். எட்டாத குத்தில் நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? அரை அடி முன்னால் வைத்தால் உள்ளே இறங்கிவிடும் என்ற தூரத்தில் நிற்க வேண்டும். குதிகால் தரையை அழுத்தி, இடுப்பு திரும்பி, மறு கை விலாவுக்கு வந்து, முழு வேகத்தில் போன முஷ்டி அங்கே நிற்க வேண்டும். நின்ற பிறகும் முழங்கையில் கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். கையை முழுக்க நீட்டி மூட்டு பூட்டிக்கொண்டதால் நின்ற குத்து, தானாக நின்றது. அதை நாம் நிறுத்தவில்லை. அப்படியே வருடக்கணக்கில் காற்றில் குத்திக்கொண்டிருந்தால் முழங்கைதான் முதலில் வலி கொடுக்கும்.

அந்த மூன்று மாதமும் வீட்டில் கதவு நிலையில் ஒரு நூல் கட்டி, மூக்கு உயரத்தில் கால்வாசித் தாள் ஒன்றைத் தொங்கவிட்டுப் பயிற்சி செய்தேன். தாள் லேசானது, பட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். முதல் வாரம் முழுக்க இரண்டே விதம்தான். ஒன்று, தாள் அசையவே அசையாது. நான் பயந்து பின்னால் நின்றிருப்பேன். இல்லையென்றால் தாள் பட்டென்று பறந்து நூலில் சுற்றிக்கொள்ளும். மூன்றாவது வாரத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. தாள் பறக்கும் ஒவ்வொரு முறையும் கை கிளம்புவதற்கு முன்னால் தோள் ஏறியிருந்தது. தோள் ஏறினால் கை முழுக்க இறுகிவிடுகிறது. இறுகிய கைக்கு வேகமும் குறைவு, நிற்கவும் தெரியாது. தோளை இறக்கிவிட்டு, போகும் வழியெல்லாம் கையைத் தளர்வாக விட்டு, கடைசிக் கணத்தில் மட்டும் முஷ்டியையும் வயிற்றையும் சேர்த்து இறுக்கினால் முஷ்டி ஆணி அடித்தது போல நிற்கிறது. இதைத்தான் கிமே என்கிறார்கள். அப்போது முஷ்டி தாளைத் தொடாது. கை கொண்டுவந்த காற்றில் தாளின் கீழ் ஓரம் மட்டும் ஒருமுறை நடுங்கி அடங்கும். அந்த நடுக்கத்தை முதன்முதலாகப் பார்த்த இரவு, பெல்ட் வாங்கிய எந்த நாளையும்விட எனக்குச் சந்தோஷம் தந்தது.

பிறகு வேண்டுமென்றே நண்பரின் மூன்று பாயிண்டையும் அந்தக் கைதட்டலையும் நினைத்துக்கொண்டு குத்திப் பார்த்தேன். தோள் ஏறியது. தாள் பறந்தது.

கராத்தே கற்றால் கோபம் அடங்கும் என்று, பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோபம் அடங்குவதற்கு முன் கைக்குப் பலம் வந்துவிடுகிறது. என்னிடம் பழுப்பு பெல்ட் இருந்தது, கோபமும் இருந்தது. கராத்தே செய்வது வேறு: கோபம் வந்த இடத்தை உடம்பில் காட்டிக்கொடுக்கிறது. என் கோபம் வலது தோளில் இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். வேலையிடத்தில் யாராவது குரலை உயர்த்திப் பேசும்போதும் அதே தோள்தான் ஏறுகிறது.

வெள்ளை பெல்ட் வகுப்பில் ஐந்து அடி குமித்தே என்ற ஜோடிப் பயிற்சியைச் சொல்லித்தரும்போது இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். கோஹோன் குமித்தே என்பார்கள். ஒருவர் ஐந்து அடி முன்னால் வைத்து ஐந்து முறை முகத்துக்குக் குத்த வேண்டும், மற்றவர் ஐந்து அடி பின்னால் போய் ஐந்தையும் மேல் பிளாக்கால் தடுக்க வேண்டும். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. யாரையும் நோகடிக்கக் கூடாது என்று அவளே முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு குத்தையும் ஜோடிப் பையனின் காதுக்கு வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். அவனும் வராத குத்துகளுக்குக் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் எதையும் கற்கவில்லை.

அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து சொன்னேன். "அவன் மூக்குக்கு நேரா குத்தும்மா. தடுக்கிறது அவன் வேலை. அவன் தடுக்கலேன்னா நிறுத்துறது உன் வேலை."

"பட்டுட்டா, அண்ணா?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறாளே என்று தொண்டை அடைத்துக்கொண்டது. பதில் சொல்லாமல் எழுந்து அவளுக்கு எதிரே நான் நின்றேன். கையைத் தொங்கவிட்டு, முகத்தைக் கொடுத்து, குத்தச் சொன்னேன். முதல் குத்து காதுக்கு வெளியே. இரண்டாவது கன்னத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில். ஆறாவதோ ஏழாவதோ நேராக வந்து என் மூக்கு நுனிக்கு முன்னால் நின்றது. அவளுடைய சிறிய முஷ்டியில் சுட்டுவிரல் முட்டியும் நடுவிரல் முட்டியும் வெளுத்திருந்ததைப் பக்கத்தில் பார்த்தேன். அவள் கண் முஷ்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. திரும்பிப் போய் அந்தப் பையனுக்கு நேரே குத்தினாள். அவன் அன்றுதான் முதன்முதலாக உண்மையில் தடுத்தான்.

கராத்தேக்குள்ளேயே இதைப் பற்றிய சண்டை பழையது. ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவில் பிறந்து, 1922-ல் தோக்கியோவில் செய்முறை காட்டி ஜப்பானின் மையத் தீவுகளில் கராத்தேயைப் பரப்பிய ஃபுனாகோஷி கிச்சின், ஆள்மேல் ஆள் பாய்ந்து விளையாடும் போட்டியை விரும்பியதே இல்லை. பள்ளி ஆசிரியராக இருந்தவர். எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசையான கட்டாவுக்குத்தான் முதலிடம் கொடுத்தார். அவர் 1957 ஏப்ரலில் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில், அவருடைய மாணவர்கள் வழிவந்த ஜப்பான் கராத்தே சங்கம் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. போட்டி என்று வந்த பிறகு, நிறுத்தத் தெரிந்தவனா என்பது வெற்றி தோல்வியையே முடிவுசெய்யும் கேள்வியாகிவிட்டது.

தோக்கியோ ஒலிம்பிக்கில் அது உலகத்துக்கே தெரிந்தது. 2021 ஆகஸ்ட் 7, ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதி ஆட்டம். சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட உயரமான கிக் ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதேயைச் சாய்த்தது. நினைவிழந்து விழுந்தவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, கட்டுப்பாடில்லாத அடி என்று ஹமேதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். தங்கம், படுத்த நிலையில் போனவருக்குப் போயிற்று. சவூதிக்கு அதுவரை ஒலிம்பிக் தங்கமே கிடைத்ததில்லை, அதனால் ஹமேதியின் கண்ணீரைப் பார்க்க எனக்கும் வலித்தது.

மறுநாள் எங்கள் டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், இதே பேச்சு. விழுந்தவனுக்குத் தங்கமா, எழுந்து நின்றவனுக்கு வெள்ளியா என்று பாதிப் பேர் கொதித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கொதித்தவன்தான். அந்தக் கிக் அழகாக இருந்தது, நேரம் துல்லியமாக இருந்தது என்றெல்லாம் வாதாடினேன். இப்போது நடுவர்கள் செய்தது சரி என்று நினைக்கிறேன். அழகாகப் போன காலுக்கு நிற்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். விதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஈரத்துணிச் சத்தம் கேட்டவன் என்பதால் சொல்கிறேன்.

கியோக்குஷின் பழகும் ஒருவரோடு இதைப் பற்றி நீண்ட நேரம் பேசியிருக்கிறேன். ஒயாமா மசுதாத்சு உருவாக்கிய அந்தப் பாணியில் நெஞ்சிலும் வயிற்றிலும் தொடையிலும் முழு பலத்தோடு அடிப்பார்கள். அடி வாங்கிப் பழகாதவனுக்கு அடியின் அர்த்தம் தெரியாது, நீங்கள் செய்வது நடனம் என்றார் அவர். அதில் பாதி உண்மை. அவர் தொடையில் வாங்கிய கிக்கின் கன்றிப்போன தடத்தைக் காட்டியபோது எனக்கு மரியாதைதான் வந்தது. ஆனால் அவர்களுடைய போட்டியிலும் கையால் முகத்தில் குத்தக் கூடாது. வெறும் முட்டியால் முகத்தில் குத்தினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் அவர்களும் நாங்களும் வேறுபடுகிறோம். அடிப்பதற்கு நான் குத்துப் பேடும் குத்துமூட்டையும் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் முழு பலத்தோடு அவற்றைக் குத்தாவிட்டால், நிறுத்திய குத்தில் என்ன இருந்தது என்பதே மறந்துவிடும்.

மூன்று மாதம் முடிந்து மாஸ்டர் என்னை ஸ்பாரிங்குக்கு அழைத்த முதல் நாள், அதே நண்பரைத்தான் எதிரே நிறுத்தினார். உதட்டுக்கு மேலே சின்னக் கோடாகத் தழும்பு. குனிந்து வணங்கினோம். அவர் எப்போதும் போலச் சிரித்தார். ஆட்டம் தொடங்கியதும், முதல் முறை என் முன்கை லேசாக அசைந்தபோது அவர் கண் மூடித் திறந்தது. கை கிளம்பக்கூட இல்லை.

இது நடந்து எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. மற்றவர்களோடு அவர் ஆடும்போது ஓரமாக உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். எத்தனை வேகமான குத்து வந்தாலும் கண் திறந்தே இருக்கிறது. என்னோடு ஆடும்போது மட்டும் அந்த இமை இறங்குகிறது. அவரிடம் இதைப் பற்றிக் கேட்டதில்லை. அவருக்கே தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. இமை மூடியிருக்கும் அந்த ஒரு கணத்தில் யார் வேண்டுமானாலும் பாயிண்ட் எடுக்கலாம். அந்தக் கணத்தில் நான் போவதில்லை. திறக்கும்வரை இருந்துவிட்டுத்தான் போகிறேன். அதனால் அவரோடு பெரும்பாலும் தோற்றுவிடுகிறேன்.

சென்ற வியாழக்கிழமை அவர் அதே போல முன்னங்காலில் எடையை மாற்றி உள்ளே வந்தார். பின்கை போயிற்று. தோள் இறங்கியிருந்தது. முஷ்டி அவர் மேலுதட்டுக்கு முன்னால் நின்றது. தழும்பு என் முட்டிக்கு நேரே, ஒரு சுன் தூரத்தில். இமை பாதி இறங்கி, நின்று, மெல்ல மேலே போயிற்று. இரண்டு பேரும் அப்படியே நின்றிருந்தோம்.

"யாமே" என்றார் மாஸ்டர். கையை இழுத்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து, வணங்கினேன்.