320டி-க்கு லோயர் ஆர்ம் தேடி: ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை, ஜே.சி. ரோடு

எங்கள் 320டி-யின் சொந்த ஊர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். பேர்தான் ஜெர்மன் கார். 2007-இல் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ திறந்த தொழிற்சாலையில் பூட்டி வெளியே வந்த வண்டி. 2010 மாடல், ஆர்வலர்கள் ஈ90 என்று அழைக்கும் தலைமுறை. "அப்படின்னா ஸ்பேர் பார்ட்ஸ் செங்கல்பட்டிலேயே கிடைக்குமே" என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்வார்கள். பூட்டியதுதான் இங்கே. சாமானெல்லாம் கடல் தாண்டிப் பெட்டியில் வந்தவை. பதினைந்து வருஷம் ஓடிய பிறகு அந்தச் சாமானைத் தேடுவது நம் பாடு.

பிரச்சினை இதுதான்: எண்பது, தொண்ணூறில் போகும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் ஸ்டீயரிங் கைக்குள் நடுங்கியது. டிஸ்க் வளைந்திருக்கும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். டிஸ்க்கை அளந்து பார்த்தால் சரியாகவே இருந்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். முன் டயர்கள் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தன.

ஈக்காட்டுத்தாங்கலில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தூக்கி, லிவரைக் கொடுத்து நெம்பிக் காட்டினார். இந்த வண்டியில் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் கீழே இரண்டு அலுமினிய ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. ஒன்று குறுக்காக, இன்னொன்று சாய்வாக. சாய்வாக இருப்பதுதான் பிரேக் பிடிக்கும்போது பாரத்தை வாங்குகிறது. அதன் முனையில், ஆர்மை வண்டியோடு இணைக்கும் பெரிய ரப்பர் மூட்டுக்குப் பேர் புஷ். இந்த வண்டியில் அது வெறும் ரப்பர் இல்லை. உள்ளே இரண்டு அறைகள், நடுவில் ஒரு குறுகிய வழி, அதில் ஓடும் திரவம். நடுக்கம் வந்தால் திரவம் அந்த வழியாகத் தள்ளாடி அதை அடக்கிவிடும். ரப்பர் வெடித்தால் திரவம் வெளியே போகும், நடுக்கம் நேராக ஸ்டீயரிங்குக்கு ஏறும். எங்கள் வண்டியில் இரண்டு புஷ்ஷிலும் கருப்பாகப் பிசுபிசுவென்று வழிந்து காய்ந்திருந்தது.

"ரெண்டு பக்கமும் மாத்தணும் சார். ஒரு பக்கம் மட்டும் மாத்துனா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். ஷாக் அப்சார்பரும் போயிருச்சு. எங்க வேணா வாங்குங்க, பெட்டியப் பாத்து வாங்காதீங்க, ரப்பரப் பாத்து வாங்குங்க."

கம்பெனி சர்வீஸில் முழு செட்டுக்கு எஸ்டிமேட் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தத் தாளில் எனக்கு வேண்டியது தொகை இல்லை, பார்ட் நம்பர்கள். பி.எம்.டபிள்யூ-வின் நம்பர் 11 இலக்கம். முதல் இரண்டு 31 என்றால் முன் அச்சு, 33 என்றால் பின் அச்சு. சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்தைக் கொடுத்தால் அந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று கேட்டலாக் சொல்லிவிடும். இது ஏன் முக்கியம் என்றால், ஒரே ஈ90-இல் சாதா சஸ்பென்ஷனுக்கு ஒரு ஷாக், ஸ்போர்ட் சஸ்பென்ஷனுக்கு வேறு ஷாக். ஸ்பிரிங்குக்கோ வண்டியில் சன்ரூஃப் இருக்கிறதா, ஆட்டோமேட்டிக்கா என்றெல்லாம் எடையைக் கூட்டிப் பார்த்து எடுக்கும் ஒரு அட்டவணையே உண்டு. ஆக, "320டி முன் ஷாக் இருக்கா?" என்று கடையில் கேட்பது அரைக் கேள்விதான்.

ஜி.பி. ரோட்டுக்கு மெட்ரோவில் போனேன். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை நோக்கிப் பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை அந்த முழுப்பெயரில் யாரும் சொல்வதில்லை. சீட் கவர், ஹாரன், கலர் லைட் என்று வெளியே தொங்கும் கடைகளுக்கு நடுவே, கவுன்டரும் பின்னால் இரும்பு ரேக்குமாக உண்மையான பார்ட்ஸ் கடைகள் ஒளிந்திருக்கும். மாருதி, ஹூண்டாய் என்றால் சொல்லி முடிப்பதற்குள் பெட்டி வந்துவிடும். நம் வண்டி என்றால் போன் எடுப்பார்கள். நாலு இடத்துக்கு வாட்ஸ்அப் போகும், டீ வரும்.

அங்கே ஒரு கடையில் பிரபலமான பெயர் போட்ட பெட்டியில் ஆர்ம் காட்டினார்கள். பெட்டி புதுசு, ஹாலோகிராம் ஸ்டிக்கர் பளபளக்கிறது, விலை மட்டும் மற்ற இடத்தில் சொன்னதில் பாதி. கையில் எடுத்துப் பார்த்தேன். லெம்ஃபோர்டர் என்றால் ஆந்தைச் சின்னம் இருக்கும். பி.எம்.டபிள்யூ-வுக்கே ஆர்ம் செய்து தருபவர்கள் அவர்கள்தான். ஒரே அச்சில் அடித்து எடுப்பதால், அவர்கள் தங்கள் பெட்டியில் விற்கும் ஆர்மில் பி.எம்.டபிள்யூ வட்டம் இருந்த இடத்தை அரைத்து எடுத்திருப்பார்கள். அந்த அரைத்த தழும்பு ஒரிஜினலுக்கு அடையாளம் என்பது வேடிக்கைதான். இந்த ஆர்மில் தழும்பும் இல்லை, உலோகத்தில் நம்பரும் இல்லை. ரப்பரை நகத்தால் அழுத்தினால் கல் போல இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதே தெருவில் இன்னொரு கடையில் ஸ்ட்ரட் மவுன்ட், பம்ப் ஸ்டாப், தூசி கவர், லிங்க் ராட் எல்லாம் நம்பர் சரிபார்த்து வாங்கினேன். ஷாக் மாற்றும்போது இவற்றைப் பழசாகவே விடுவது வீண். எப்படியும் எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறோம், கூலி ஒன்றுதான்.

புதுப்பேட்டைக்கு நடந்தே போகலாம், ஆனால் சென்னை வெயிலில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆட்டோ பிடித்தேன். எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவத்தை ஒட்டி, வண்டிகள் கழற்றப்படும் தெருக்கள். ஒரு கடை முழுக்கக் கதவு, அடுத்த கடை முழுக்க சைலன்சர். நடைபாதையில் கியர் பாக்ஸ் வரிசையாக உட்கார்ந்திருக்கும், மேலே பூனை தூங்கும். இந்தச் சந்தையை ஒரகடம் பக்கம் ஆப்பூருக்கு மாற்றப்போகிறார்கள் என்று பல வருஷமாகப் பேச்சு. மாறினால் எங்கள் வண்டி பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அதன் பழைய சாமானும் போய்ச் சேரும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிட்ட சொகுசு கார்கள் இப்படிப்பட்ட சந்தைகளுக்கு வந்தன. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் அப்படித்தான். "மழைத்தண்ணில நின்ன வண்டி பாய், ஓட்டமே கம்மி, ஆர்ம் புதுசு மாதிரி இருக்கும்" என்று ஒருவர் இழுத்தார். நான் பாய் இல்லை என்று சொல்லவில்லை. அவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டார். அலுமினியத்தை மழைத்தண்ணீர் ஒன்றும் செய்யாது என்பது சரிதான். ஆனால் நான் வாங்க வந்தது அலுமினியத்தை இல்லை. புஷ் ரப்பர் கிலோமீட்டரால் மட்டும் சாவதில்லை, வயதாலும் சாகிறது. 2011-இல் செய்த ரப்பர் நின்ற இடத்திலேயே கிழவனாகியிருக்கும். ஷாக்கும் அப்படியே: ஆயிலும் சீலும் இருக்கும் எதையும் பழசில் வாங்குவது, வேலையை இரண்டு தரம் செய்ய முன்பணம் கட்டுவது. வெள்ளத்தில் நின்ற வண்டியின் வீல் பேரிங்கைத் தொடவே கூடாது.

ஆனால் புதுப்பேட்டை வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எஞ்சினுக்குக் கீழே மூடும் பிளாஸ்டிக் தட்டு எங்கள் வண்டியில் பாதி கிழிந்து கம்பி கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. புதுசின் விலை கேட்டால் மனசு வராது. இங்கே கீறல் மட்டும் பட்ட ஒன்று கிடைத்தது, கிளிப்புகளோடு. தேயாத சாமான், சீல் இல்லாத சாமான் என்றால் நேராக இங்கே வரலாம்.

ஆர்மும் ஷாக்கும் கடைசியில் பெங்களூருவில் கிடைத்தன. போனிலேயே நம்பரைச் சொல்லி, ஆர்மின் போட்டோவையும் ரப்பரின் போட்டோவையும் வாங்கிப் பார்த்திருந்தேன். கூரியரில் அனுப்புகிறேன் என்றுதான் கடைக்காரர் சொன்னார். எனக்கு நேரில் தொட்டுப் பார்க்கவேண்டும். தவிர, பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஜன்னல் சீட் என்பதைக் காரணமில்லாமலும் எடுக்கலாம். காட்பாடி தாண்டியதும் மலைகள் நெருங்கி வருகின்றன. ஜோலார்பேட்டையில் வண்டி நிற்கும்போது பக்கத்திலேயே ஏலகிரி மலை. வேலை முடிந்தால் வண்டியை அங்கேதான் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

மெஜஸ்டிக்கில் பச்சை லைன் மெட்ரோ ஏறி கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் ஜே.சி. ரோடு கிட்டத்தில்தான். டவுன் ஹால் பக்கம் தொடங்கி மினர்வா சர்க்கிள் வரை வண்டிச் சாமான்தான். நான் போன கடைக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறி, போனில் உருதுவில் முடித்தார். ஆர்ம்களைக் கவுன்டரில் வரிசையாக வைத்தார். ஆந்தை இருந்தது, அரைத்த தழும்பு இருந்தது, ரப்பர் அழுத்தினால் மீண்டு வந்தது.

அப்புறம்தான் சோதனை. "சார், எம்3 ஆர்ம் போடுங்களேன்? நேரா உக்காரும். வண்டி ரேஸ் கார் ஆயிடும்." அவர் சொன்னது பொய்யில்லை. எம்3 என்பது இதே காரின் வேகமான ஸ்போர்ட்ஸ் வடிவம். அந்தத் தலைமுறை எம்3-யின் முன் ஆர்ம்கள் சாதா ஈ90-இல் அப்படியே பொருந்தும். கேம்பர், அதாவது சக்கரம் உள்பக்கம் சாயும் கோணம், கூடும், முன்பக்கம் கூர்மையாகும். ஷாக்கிலும் பில்ஸ்டைன் பி6 இருந்தது. பழைய ஸ்பிரிங் உயரத்துக்கே பொருந்துவது, மஞ்சள் நிறம், ஒற்றைக்குழாய் கட்டமைப்பு. வண்டியைத் தாழ்த்துபவர்களுக்கு அதிலேயே நீளம் குறைந்த பி8.

கொஞ்ச நேரம் யோசித்தேன். எம்3 ஆர்மில் அந்தத் திரவ புஷ் கிடையாது. சாலையில் நடப்பதெல்லாம் ஸ்டீயரிங்குக்குத் தெரியும். மூனிக்கிலிருந்து நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்குக்குப் போகிறவருக்கு அது இன்பம். எனக்குப் போரூரிலிருந்து கிண்டி போகவேண்டும், வழியில் பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர்கள். பழைய ஸ்போர்ட்ஸ் செடானை இறுக்கிக்கொண்டே போவது ஒரு மோகம். முதலில் அது புதிதில் எப்படி ஓடியதோ அப்படி ஆக்கிப் பாருங்கள். பல பேர் அதை ஓட்டியே பார்த்ததில்லை, தளர்ந்த வண்டியை வாங்கி, உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்டான காயிலோவருக்கு நேராகத் தாவிவிட்டார்கள். லெம்ஃபோர்டர் ஆர்ம் நான்கு, சாக்ஸ் ஷாக் நான்கு. சாக்ஸும் தொழிற்சாலையில் பூட்டிய பிராண்டுதான். இரண்டும் இப்போது இசட்.எஃப் குழுமத்துக்குள் இருக்கின்றன. ஸ்பிரிங்கில் விரிசல் இல்லை, அதனால் பழசே போதும். திரும்பி வரும்போது ஆர்ம் பெட்டிகளைப் பார்த்து டி.டி.இ. "என்ன சார், இரும்பா?" என்றார். அலுமினியம் என்றேன்.

பூட்டும் நாளில் நான் கூடவே நின்றேன், ஒரே காரணத்துக்காக. ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. சக்கரம் கீழே தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். எவ்வளவு நல்ல புஷ்ஷும் சில மாதத்தில் கிழிந்துவிடும். பிறகு "டூப்ளிகேட் கொடுத்துட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். அண்ணனுக்கு இது தெரியும். நான் வாய் திறக்குமுன்பே, "இறக்கி, எடை விழுந்தப்புறம்தான் டைட் வைப்பேன், நீங்க போய் டீ சாப்பிடுங்க" என்றார். லாக் நட்டுகளையும் புதுசாகத்தான் போட்டார். பழசைத் திரும்பப் போடும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது, கூடாது.

அலைன்மென்ட் அடுத்த நாள். பி.எம்.டபிள்யூ-வின் பழைய முறைப்படி முன் சீட் ஒவ்வொன்றிலும், பின் சீட் நடுவிலும் 68 கிலோ வைத்து, டேங்க் நிரப்பி, டிக்கியிலும் எடை வைத்துத்தான் அளக்கவேண்டும். மணல் மூட்டைக்குப் பதில் நானும் அண்ணனின் உதவியாளர்கள் இருவரும் உட்கார்ந்துகொண்டோம். மூவரில் யாரும் 68 இல்லை, ஆனால் சராசரி வந்துவிட்டது.

அந்த வார இறுதியில் வாணியம்பாடி வழியாக ஏலகிரி. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் தொண்ணூறில் பிரேக்கைத் தொட்டேன். ஸ்டீயரிங் அசையவில்லை. மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பெயர்ப்பலகை உண்டு: பாரதியார், கம்பர், கபிலர், பாரி, காரி என்று புலவர்களும் வள்ளல்களும். கம்பரில் இரண்டாவது கியரில் நுழைந்தபோது, வண்டி முதலில் சரிந்து பிறகு திரும்பும் பழைய பழக்கம் போயிருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்தில் மூக்கு திரும்புகிறது. அதே சமயம் பள்ளத்தில் இறங்கினால் அடி வயிற்றுக்கு வரவில்லை. மேலே சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ந்திருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவள் மலை ஏறும்போது தூங்கிவிட்டாள். சஸ்பென்ஷனுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கேட்கமாட்டேன்.

இறங்கும்போது ஒரு இரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. புஷ் இல்லை, ஷாக் இல்லை. உள்விளிம்பு தேய்ந்த அந்தப் பழைய ரன்-ஃப்ளாட் டயர்கள், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை. அலைன்மென்ட் கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். இந்த வண்டியில் ஸ்டெப்னி வைக்க இடமே கிடையாது. மறுபடி ரன்-ஃப்ளாட் போட்டால் விலையும் விறைப்பும், சாதா டயர் போட்டால் டிக்கியில் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் கம்ப்ரஸரும். ஆம்பூரில் பிரியாணி வரும்வரை எங்களுக்குள் அந்தப் பஞ்சாயத்துதான் ஓடியது. சாதா டயர் பக்கம் இரண்டு ஓட்டு, ரன்-ஃப்ளாட் பக்கம் என் மாமனார்.